வினைமுற்று இல்லாத வேலைநாள்

கேள்வி சுருக்கமாக இது: "காலை ஒன்பதரைக்குக் கணினியைத் திறந்தால் மாலை ஏழு வரை நாற்காலியை விட்டு எழுவதில்லை. ஆனால் இன்று என்ன வேலை செய்தாய் என்று வீட்டில் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஒன்றில் மனம் நிற்பதில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், இந்த வேலை எதற்காக என்பதே மறந்துபோய்விட்டது. கவனத்தை எப்படிக் கொண்டுவருவது? வேலையில் அர்த்தத்தை எங்கே தேடுவது? இல்லை, வேலையையே மாற்றிவிட வேண்டுமா?"

மூன்று கேள்விகளாகக் கேட்டிருக்கிறீர்கள். முதல் இரண்டும் ஒரே கேள்வி என்பது என் எண்ணம். மூன்றாவதற்கு, அந்த ஒன்றைக் கொஞ்சமாவது சரிசெய்து பார்த்த பிறகுதான் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். இருபது ஆண்டுகளுக்கு மேல் மென்பொருள் குழுக்களில் வேலை பார்த்திருக்கிறேன், அதில் பாதிக் காலம் குழுவை நடத்தும் பொறுப்பு. உங்கள் நிலையில் நானும் இருந்திருக்கிறேன், என் குழுவில் பலரையும் அந்த நிலையில் பார்த்திருக்கிறேன். அப்போதிருந்து இதைப் பற்றிய ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் "சொல்லத் தெரியவில்லை" என்பது. பள்ளி இலக்கணத்தில் வினையெச்சம், வினைமுற்று என்று படித்திருப்போம். திறந்து, பார்த்து, எழுதி என்பவை எச்சங்கள். தனியே நின்றால் அவற்றில் பொருள் முடியாது. 'அனுப்பினேன்' என்று ஒரு முற்று வந்தால்தான் வாக்கியம் நிற்கும். உங்கள் நாளை அப்படியே எழுதிப் பாருங்கள். மெயிலைத் திறந்து, பாதி படித்து, நடுவில் வந்த சாட்டுக்குப் பதில் போட்டு, அறிக்கையை எடுத்து, அதில் ஓர் எண்ணைத் தேடி, தேடும்போதே மீட்டிங்குக்கு நேரமாகி, உள்ளே போய், கேட்டுக்கொண்டே இன்னொரு மெயிலைப் பார்த்து, வெளியே வந்து, விட்ட இடம் எது என்று யோசித்து... ஏழு மணியாகிவிட்டது. முற்று எங்கேயும் வரவில்லை. இதை வீட்டில் எப்படிச் சொல்ல முடியும்? முடியாத வாக்கியத்துக்குப் பொருள் இல்லை என்று மனம் நினைப்பதிலும் தவறில்லை. கவனம் தொலைந்ததும் அர்த்தம் தொலைந்ததும் ஒரே இடத்தில்தான்.

இது உங்கள் ஒருவருடைய பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், அதை முதலில் விட்டுவிடுங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் அலுவலக ஊழியர்கள் ஒரு திரையில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று நீண்ட காலமாக அளந்து வருகிறார். 2004-ல் அவர் கையில் நிறுத்துகடிகாரத்தோடு ஊழியர்களின் பின்னால் உட்கார்ந்து குறித்தபோது சராசரி இரண்டரை நிமிடம். 2012-ல் கணினியிலேயே பதிவுசெய்து பார்த்தபோது 75 விநாடி. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏறத்தாழ 47 விநாடி. ஒரே வேலைக்காக இரண்டு திரைகளுக்கு நடுவே போய்வருவதும் இந்தக் கணக்கில் சேரும், எல்லாத் தாவலும் கெடுதல் என்று சொல்ல வரவில்லை. அவர் கண்டதில் நமக்கு முக்கியமான இன்னொன்று இருக்கிறது: குறுக்கீடுகளில் கிட்டத்தட்டப் பாதி, யாரும் கூப்பிடாமல் நாமே எழுந்து போவது. வெளியிலிருந்து அடிக்கடி கூப்பிட்டுப் பழக்கிவிட்டால், கூப்பிடாத நேரத்திலும் மனம் தானாகவே வாசலுக்குப் போய் எட்டிப் பார்க்கிறது.

அப்படி எழுந்து போகும்போது என்ன ஆகிறது என்பதை 2009-ல் சோஃபி லெராய் சோதித்தார். பங்கேற்றவர்களுக்கு முதலில் ஒரு சொற்புதிர். சிலரை அதை முடிக்கவிட்டார், சிலரைப் பாதியில் எழுப்பினார். பிறகு எல்லோருக்கும் வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் விவரங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார். புதிரைப் பாதியில் விட்டவர்களின் மனதில் ஒரு பகுதி புதிரிலேயே தங்கிவிட்டது, விண்ணப்பங்களை அவர்கள் மதிப்பிட்டதும் மோசமாக இருந்தது. இதற்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'கவன எச்சம்' என்று சொல்லலாம். எச்சம் என்ற அதே சொல் இங்கேயும் வந்து பொருந்துவது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் ஒரு நுட்பமும் உண்டு. நேர நெருக்கடியோடு முடித்தவர்கள்தான் முந்தைய வேலையிலிருந்து நன்றாக விடுபட்டார்கள். 'முடிந்தது, இனி அதில் யோசிக்க ஒன்றுமில்லை' என்று மனதுக்குத் தெளிவாகத் தெரிந்தால்தான் அது பிடியை விடுகிறது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இவ்வளவு சிதறலோடும் வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது, டெட்லைன் தவறவில்லையே என்று உங்கள் மேனேஜர் கேட்பார். நீங்களே கூட உங்களைக் கேட்டிருப்பீர்கள். 2008-ல் மார்க் தன் சகாக்களோடு செய்த சோதனை இதற்கு விடை. மெயில்களுக்குப் பதில் எழுதும் வேலை கொடுத்து, சிலரை அடிக்கடி குறுக்கிட்டார்கள். குறுக்கிடப்பட்டவர்கள் வேலையை இன்னும் வேகமாகவே முடித்தார்கள். தரமும் குறையவில்லை. ஆனால் அவர்களுக்கு மன அழுத்தம், எரிச்சல், நேரம் போதவில்லை என்ற பதற்றம், செலவழித்த உழைப்பு எல்லாமே கூடியிருந்தது. இழந்த நேரத்தை ஈடுகட்ட அவர்கள் தங்களைத் தாங்களே விரட்டிக்கொண்டார்கள். இப்போது புரிகிறதா, ஏன் நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்வதில்லை என்று? வெளியே வரும் வேலையில் குறை தெரிவதில்லை. விலை முழுவதும் ஊழியரின் உடம்பிலிருந்தும் மனதிலிருந்தும் எடுக்கப்படுகிறது, அது எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. மாலையில் நீங்கள் உணரும் அந்த வெறுமை இந்த விலைதான். இதைப் படித்த நாளில் எனக்குக் கோபம் வந்தது. என் குழுவில் நல்லவர்கள் சிலர் வருடக்கணக்கில் இந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நான் அவர்களின் வேகத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவது, மன உறுதியை வளர்ப்பது, புதிய செயலி ஒன்றைப் போட்டுக்கொள்வது போன்ற அறிவுரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. எச்சமாக நிற்கும் நாளைச் சீக்கிரம் தொடங்கினால் எச்சங்கள் இன்னும் நாலு கூடும், அவ்வளவுதான். முற்றுகளை உண்டாக்குவதில் கவனம் வையுங்கள்.

எப்படி என்று கேட்டால், நான் முதலில் சொல்வது, பாதியில் எழ வேண்டி வரும்போது எழுதும் ஒற்றை வரி. லெராயும் தெரசா குளோம்பும் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், குறுக்கீடு வந்ததும் எங்கே நிறுத்துகிறேன், திரும்பி வந்து முதலில் எதைச் செய்வேன் என்று சட்டென்று குறித்துவிட்டுப் போனவர்களுக்கு அடுத்த வேலையில் கவனம் நன்றாக நின்றது. 2011-ல் மாசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் செய்த சோதனைகளும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டின. முடிக்காத காரியம் மனதை அரிப்பது நிற்க, அதை உடனே முடித்தாக வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படி முடிப்பேன் என்ற திட்டவட்டமான எண்ணம் இருந்தாலே மனம் அதை இறக்கி வைத்துவிடுகிறது.

ஆனால் அந்த வரி எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'அறிக்கை, தொடரணும்' என்று எழுதினால் பயனில்லை. அதைப் பார்க்கும்போது மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும், மனதுக்கும் அது தெரியும், அதனால் விடாது. "மூன்றாம் பத்தியில் நிற்கிறேன். மார்ச் மாத எண் கணக்குப் பிரிவிலிருந்து வர வேண்டும். வந்ததும் அட்டவணையில் போட்டுவிட்டு, ஏன் குறைந்தது என்று இரண்டு வாக்கியம் எழுத வேண்டும்." இப்படி இருக்க வேண்டும். உங்களுக்குப் பதில் வேறு யாராவது வந்து உட்கார்ந்தாலும் அடுத்த அடியை எடுத்துவைக்க முடிகிற அளவுக்கு. இதை எழுத நாற்பது விநாடி ஆகும். மீட்டிங்குக்கு நாற்பது விநாடி தாமதமாகப் போனால் ஒன்றும் ஆகிவிடாது.

வேலைப் பட்டியலையும் இதே கண்ணோடு பாருங்கள். பெரும்பாலானவர்களின் பட்டியலில் இருப்பவை பெயர்ச்சொற்கள்: பட்ஜெட், வாடிக்கையாளர் மெயில், பயிற்சி, இணையதளம். பெயர்ச்சொல்லை யாராலும் முடிக்க முடியாது. நான் பட்டியலை இறந்தகால முற்றாக எழுதுவதற்கு மாறி எட்டு வருடம் ஆகிறது. 'பட்ஜெட்டின் பயணச் செலவுப் பகுதியைச் சரிபார்த்து அனுப்பினேன்.' காலையிலேயே, செய்வதற்கு முன்பே, இப்படி எழுதிவிடுவது. எழுதும்போதே அது ஒரு நாளில் முடிகிற காரியமா என்று தெரிந்துவிடும். 'இணையதளத்தைப் புதுப்பித்தேன்' என்று எழுதக் கை வராது, பொய் என்று கைக்கே தெரியும். அப்போது தானாக அதை உடைத்து, 'முகப்புப் பக்கத்துக்கான வாசகங்களை எழுதிப் பார்வைக்கு அனுப்பினேன்' என்று வரும். ஒரு நாளைக்கு இப்படி மூன்று முற்று போதும். மூன்றுக்கு மேல் வைத்த நாள்களில் எனக்கு ஒன்றுகூட உருப்படியாக முடிந்ததில்லை.

செய்திகளைப் பார்ப்பது பற்றியும் கேட்பீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் குஷ்லெவ், டன் இருவரும் 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 124 பேரை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் மெயில் பார்க்கச் சொன்னார்கள், இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்கச் சொன்னார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் அன்றாட மன அழுத்தம் குறைவாக இருந்தது. இது எல்லோருக்கும் முடியாது என்பது எனக்குத் தெரியும். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர், செவிலியர், சர்வர் விழுந்தால் ஓட வேண்டியவர், இவர்களிடம் போய் மெயிலை மூடி வை என்று சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. செய்தி வருவதுதான் அவர்கள் வேலையே. அங்கே செய்யக்கூடியது முறை வைத்துக்கொள்வது: இந்த இரண்டு மணி நேரம் அழைப்புகளை நான் எடுக்கிறேன், நீ உன் வேலையை முடி, அடுத்த இரண்டு மணி நேரம் நீ.

கைப்பேசியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டுவிட்டது. கை எட்டாத இடத்தில் வையுங்கள், போதும்.

முறை வைப்பது என்ற பேச்சு வந்ததால் சொல்கிறேன், கவனம் என்பது தனிமனித ஒழுக்கம் என்று நினைப்பதில்தான் நாம் பெரிதாகத் தவறுகிறோம். லெஸ்லி பெர்லோ ஒரு மென்பொருள் குழுவோடு ஒன்பது மாதம் கூடவே இருந்து கவனித்து, 1999-ல் எழுதினார். அந்தப் பொறியாளர்கள் எல்லோருக்கும் நேரப் பஞ்சம். காரணம் சோம்பல் அல்ல. ஒருவரை ஒருவர் ஓயாமல் குறுக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கும் பின்னால் இரண்டு காரணங்கள்: எதையும் நெருக்கடியாகவே நடத்தும் மனநிலை, கடைசி நேரத்தில் ஓடிவந்து காப்பாற்றியவரையே வீரராகப் பாராட்டும் வழக்கம். தீயே பிடிக்காமல் பார்த்துக்கொண்டவரை யாரும் கவனிப்பதில்லை, தீயை அணைத்தவருக்குத்தான் அப்ரைசலில் நல்ல பெயர். இந்த வரியைப் படிக்கும் யாருக்கும் தங்கள் அலுவலகத்தில் ஒரு முகம் ஞாபகம் வரும். பெர்லோ அந்தக் குழுவில் யாரும் யாரையும் குறுக்கிடாத நேரம் என்று ஒன்றை வகுத்துப் பார்த்தார். குழுவின் வேலைத்திறன் கூடியது.

நீங்கள் மேனேஜராக இல்லாவிட்டாலும் இதைக் கேட்கலாம். கேட்கும் விதம் முக்கியம். 'எனக்குக் கவனமே இருக்க மாட்டேன் என்கிறது' என்று ஆரம்பித்தால் அது உங்கள் குறையாகப் பதிவாகும். இப்படிச் சொல்லுங்கள்: "வாரத்தில் மூன்று நாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை சாட்டை மூடி வைக்கிறேன். அவசரம் என்றால் போன் பண்ணுங்கள், உடனே எடுப்பேன். இரண்டு வாரம் பார்ப்போம், சரிவரவில்லை என்றால் விட்டுவிடலாம்." போன் என்ற கதவைத் திறந்தே வைத்ததால் யாருக்கும் பயம் இருக்காது. சாட்டில் ஒரு வரி தட்டிவிடுவது சுலபம், போனை எடுத்துப் பேசுவதற்கு உண்மையிலேயே அவசரம் இருக்க வேண்டும். என் குழுவில் இதை ஆரம்பித்த முதல் வாரம் முழுக்க ஒரே ஒரு போன் வந்தது. அதுவும் நியாயமான போன்.

இனி அர்த்தம். கவனத்தைப் பற்றி இவ்வளவு சொன்னதே இதற்குத்தான்.

தெரசா அமபிலியும் ஸ்டீவன் கிரேமரும் 7 நிறுவனங்களில் 238 பேரை வேலைநாள் தோறும் சிறு நாட்குறிப்பு எழுதவைத்து, கிட்டத்தட்ட 12,000 குறிப்புகளைப் படித்தார்கள். எந்த நாளில் மனிதர்கள் உற்சாகமாகவும் ஈடுபாட்டோடும் இருந்தார்கள் என்று பார்த்தால், மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தெரிந்தது, தங்களுக்கு முக்கியமாகப் பட்ட வேலையில் ஓர் அடியாவது முன்னால் நகர்ந்த நாள். சிறிய அடியாக இருந்தாலும் சரி. பிறகு மேலாளர்கள் சிலநூறு பேரிடம், ஊழியரை எது ஊக்குவிக்கும் என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது வேலையில் முன்னேற்றம் காண உதவுவதை முதலிடத்தில் வைத்தவர்கள் சுமார் 5 சதவீதம்தான். ஊழியருக்கு மிகவும் தேவைப்படுவது எதுவோ, அது மேலாளர்களின் கண்ணில் படவே இல்லை. இந்த இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலையில் அர்த்தம் ஏன் காணாமல் போகிறது என்பதற்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. மூன்று முற்று எழுதி முடித்த நாளில் 'இதெல்லாம் எதற்கு' என்ற கேள்வி அவ்வளவு சத்தமாகக் கேட்காது. நீங்களே ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம்.

மீதிப் பாதி, அந்த முற்று யாருக்குப் போய்ச் சேருகிறது என்பது. வாக்கியத்தில் 'கொடுத்தேன்' என்றதும் 'யாருக்கு?' என்று கேட்போம் அல்லவா, அந்தக் கேள்வி. ஆடம் கிராண்ட் 2007-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஒரு பல்கலைக்கழகத்துக்காகத் தொலைபேசியில் நன்கொடை கேட்பவர்களைப் பற்றியது. நாள் முழுக்க மறுப்பைக் கேட்கும் வேலை அது. ஒரு பிரிவினரை, அப்படித் திரட்டிய பணத்தில் உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரோடு சில நிமிடங்கள் நேரில் பேசவைத்தார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது அவர்கள் தொலைபேசியில் செலவழித்த நேரம் முன்பைவிட 142 சதவீதம் கூடியிருந்தது, திரட்டிய தொகை 171 சதவீதம் கூடியிருந்தது. இன்னொரு பிரிவினருக்கு அதே மாதிரி மாணவரின் கடிதத்தை மட்டும் படிக்கக் கொடுத்திருந்தார். அவர்களிடம் இந்த மாற்றம் வரவில்லை. பயன் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, பயன்பெறுபவரின் முகம் தெரிய வேண்டும். நிறுவனங்கள் சுவரில் எழுதி ஒட்டும் லட்சிய வாசகங்கள் ஏன் யாரையும் அசைப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

என் அனுபவம் ஒன்று. மருத்துவமனைகளுக்கான பில்லிங் மென்பொருளைப் பராமரிக்கும் வேலையில் நான்கு வருடம் இருந்தேன். டிக்கெட் (பயன்படுத்துபவர் பதிவுசெய்யும் குறை) வரும், சரிசெய்வோம், மூடுவோம். மூன்றாவது வருடம் எனக்கு அதில் ஒன்றுமே மிச்சமில்லை, எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. ஏதோ ஒரு காரணத்துக்காக ஒரு மருத்துவமனையின் பில்லிங் கவுண்டரில் அரை நாள் உட்கார நேர்ந்தது. கவுண்டரில் இருந்த பெண் ஒவ்வொரு பில்லுக்கும் ஒரே பொத்தானை மூன்று முறை அழுத்திக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "ஒரு தடவை அழுத்தினா சில சமயம் பதியாது சார், அதனால எப்பவுமே மூணு தடவை" என்றார். வரிசையில் கையில் குளுக்கோஸ் ஏற்றிய ஊசியோடு ஒருவர் நின்றிருந்தார். அந்தக் குறை எங்கள் பட்டியலில் ஒன்றரை வருடமாகக் கிடந்தது, முக்கியத்துவம் குறைவு என்ற முத்திரையோடு. திரும்பி வந்து இரண்டு நாளில் அதைச் சரிசெய்தேன். அந்த நான்கு வருடத்தில் நான் செய்தவற்றில் இன்று வரிவரியாக நினைவிருப்பது அந்த இரண்டு நாள் வேலைதான். அந்த இரண்டு நாளும் என் மனம் எங்கேயும் அலையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கவனத்துக்காக நான் எந்த முயற்சியும் எடுக்கவில்லை. அந்த வரிசை கண்முன்னால் இருந்தது.

உங்கள் வேலை யாருக்குப் போகிறதோ அவரை ஒருமுறை நேரில் பாருங்கள். வாடிக்கையாளராக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் அனுப்பும் அறிக்கையை வைத்து அடுத்த அறையில் இருப்பவர் என்ன செய்கிறார்? போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இரண்டில் ஒன்று நடக்கும். அவர் அதன் எந்தப் பக்கத்தை எதற்காகப் பார்க்கிறார் என்று தெரிந்துகொள்வீர்கள், அல்லது அதை அவர் திறப்பதே இல்லை என்று தெரிந்துகொள்வீர்கள். இரண்டாவது வலிக்கும். ஆனால் அந்த அறிக்கையை நிறுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை அதிலிருந்துதான் பிறக்கிறது. யாருக்குமே போகாத வேலையில் அர்த்தத்தைத் தேடி மன்றாடுவதைவிட, அதை ஒழிப்பது நல்லது.

ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசி 2001-ல் எழுதியதும் இதோடு சேர்ந்தது. ஒரே மருத்துவமனை, ஒரே வேலைப் பட்டியல். சிலர் சொன்னதை மட்டும் செய்தார்கள். சிலர் நோயாளிகளோடு பேசினார்கள், செவிலியருக்கு எப்போது இடைஞ்சல் இல்லாமல் இருக்கும் என்று பார்த்துத் தங்கள் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டார்கள். தாங்களும் நோயைக் குணப்படுத்தும் குழுவில் ஒருவர் என்றே அவர்கள் நினைத்தார்கள். வேலையின் ஓரங்களைத் தங்கள் கையால் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி வனைந்துகொண்டார்கள் என்று சொல்லலாம். பதவியோ சம்பளமோ மாறாமலே அவர்களின் வேலை வேறாகிவிட்டது.

இந்த ஆய்வை எடுத்துக்கொண்டு, 'பார், துப்புரவுப் பணியாளரே அர்த்தம் காண்கிறார், உனக்கென்ன குறை' என்று ஊழியர்களுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. 2009-ல் பண்டர்சனும் தாம்ப்சனும் உயிரியல் பூங்காவில் விலங்குகளைப் பராமரிப்பவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அவர்களில் பலருக்கு அந்த வேலை பிறவிப் பணி போல. அதனாலேயே குறைந்த சம்பளத்தையும், சொந்த நேரத்தையும் வசதியையும் விட்டுக்கொடுப்பதையும் ஏற்றுக்கொண்டார்கள், நிர்வாகம் அந்தப் பற்றைச் சுரண்டுகிற வாய்ப்பும் கூடியது. வேலையில் ஆழ்ந்த அர்த்தம் காண்கிறவர் தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் பொருள் என்ற ஒரே சொல் அர்த்தத்தையும் செல்வத்தையும் குறிக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றதைக் குறைக்க வந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்கள் வேலை உன்னதமானது என்று சொல்லிச் சம்பள உயர்வை மறுப்பவரிடம், உன்னதமான வேலைக்கு உரிய சம்பளத்தைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன், வேலையை மாற்றுவதா என்பது. அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. 1989-ல் சிக்சென்ட்மிஹாயியும் லஃபெவ்ரும் ஊழியர்களுக்குப் பேஜர் என்ற, அழைப்பு வந்தால் ஒலிக்கும் சிறு கருவியைக் கொடுத்து, அது ஒலிக்கும் நேரத்தில் என்ன செய்கிறீர்கள், எப்படி உணர்கிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதவைத்தார்கள். திறமையும் சவாலும் சேர்ந்து மனம் ஒன்றிப்போகும் நேரங்கள் ஓய்வில் வந்ததைவிட வேலையில் மிக அதிகமாக வந்தன. ஆனாலும் வேலையில் இருக்கும்போது, வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கலாமே என்ற ஆசையும் அதிகமாக இருந்தது. எது நம்மை நிறைக்கிறது என்பதில் நம் மனம் சொல்வது எப்போதும் சரியாக இருப்பதில்லை. எனவே களைத்துப்போன ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், தலை முழுக்க எச்சங்களோடு, ராஜினாமாக் கடிதம் எழுத உட்காராதீர்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. தூங்கி எழுந்தும் போகாத சோர்வு, வேலையின் மேலும் அங்கிருப்பவர்கள் மேலும் கசப்பு, என்னால் எதுவும் உருப்படியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அது வேறு விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் 'பர்ன்அவுட்' என்பதை இந்த மூன்றைக் கொண்டுதான் விளக்குகிறது. அதை நோயாக வகைப்படுத்தாமல், வேலை தொடர்பான நிகழ்வாக, சரியாகக் கையாளப்படாத தொடர் அழுத்தத்தின் விளைவாகச் சொல்கிறது. கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் இருவரும் அதன் வேர்களை ஆறு இடங்களில் தேடச் சொன்னார்கள்: வேலைப்பளு, தன் வேலைமீது தனக்கிருக்கும் கட்டுப்பாடு, கிடைக்கும் வெகுமதி, உடன் இருப்பவர்களின் உறவு, நியாயம், மதிப்பீடுகள். ஆறும் உங்களுக்கு வெளியேயும் இருப்பவை. இந்த நிலையில் இருப்பவருக்கு மூன்று முற்று எழுதச் சொல்வது கால் முறிந்தவரை நடைப்பயிற்சிக்கு அனுப்புவது போல. முதலில் விடுப்பு, மருத்துவர் அல்லது மனநல ஆலோசகர். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த நிலை இல்லை என்றால், ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வாரம் முற்றுகளுக்கு: காலையில் மூன்று இறந்தகால வாக்கியம், வேலையைப் பாதியில் விட்டு எழும்போது ஒரு வரி, வாரத்தில் மூன்று நாள் இரண்டு மணி நேரம் சாட்டுக்குக் கதவடைப்பு. அடுத்த மூன்று வாரத்தில் உங்கள் வேலையைப் பயன்படுத்தும் மூன்று பேரையாவது நேரில் பாருங்கள். மாலையில் கணினியை மூடும் முன் நாளைக்கான முதல் வரியையும் எழுதிவிட்டு மூடுங்கள், இரவில் வேலையை மனதிலிருந்து இறக்கிவைக்க அது உதவும்.

ஆறு வாரம் கழித்து, வீட்டில் கேட்கும்போது சொல்ல ஏதோ ஒன்று இருக்கிறது, ஆனால் இன்னும் அலுப்பாக இருக்கிறது என்றால், இந்த வேலையை நீங்கள் கற்று முடித்திருக்கலாம். உள்ளேயே கடினமான பொறுப்பு ஒன்றைக் கேளுங்கள். வேலையை முடிக்கவே விடுவதில்லை, இரண்டு மணி நேரத்தைக்கூடத் தர மறுக்கிறார்கள் என்றால் கோளாறு இடத்தில் இருக்கிறது, தொழிலில் இல்லை. அதே தொழிலை வேறு இடத்தில் பாருங்கள். வேலையை முடித்தீர்கள், பயன்படுத்துபவரையும் பார்த்தீர்கள், பார்த்ததும் அவரை ஏமாற்றுகிறோமே என்று மனம் கூசியது என்றால், ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே தேட ஆரம்பியுங்கள்.

புதிய இடத்தில் நேர்காணலுக்குப் போகும்போது சம்பளத்தோடு இன்னும் இரண்டையும் கேட்டுவிடுங்கள். ஒரு வேலை தொடங்கியதிலிருந்து முடியும் வரை என் கையிலேயே இருக்குமா, பாதியில் கைமாறுமா? நான் செய்ததைப் பயன்படுத்துபவரோடு பேச எனக்கு வழி உண்டா? கேட்டதும் உங்கள் எதிரே இருப்பவர் யோசிக்காமல் ஓர் உதாரணம் சொல்கிறாரா, இல்லை நிறுவனத்தின் லட்சியங்களைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறாரா என்று கவனியுங்கள்.